ஆடி மாதத்தில் ஒரு முகவரி

ஜூலை 17, வியாழன். ஆடி 1

கோயம்புத்தூர் வந்து சேர்ந்தேன். இரண்டு பெட்டி, ஒரு பை, ஒரு பச்சை பக்கெட். பக்கெட் எதற்கு என்று கேட்டதற்கு, "ஹாஸ்டல்ல பக்கெட் குடுக்க மாட்டாவட்டி" என்றாள் அம்மா. பக்கெட் கொடுக்கமாட்டார்கள் என்பது சரிதான். ஹாஸ்டலையே கொடுக்கமாட்டார்கள் என்பது இன்று மதியம்தான் தெரிந்தது.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது என்னைக் குற்றம் சொன்னால் இந்த நோட்டை எடுத்துக் காட்டலாம். திருநெல்வேலியில் நான் படித்த கல்லூரியில் புள்ளியியல் துறையை மூடிவிட்டார்கள். மாணவர்கள் நான்கு பேர், பாடம் எடுப்பவர்கள் ஐந்து பேர் என்றால் யார்தான் மூடமாட்டார்கள்? நான்கு பேரையும் நான்கு ஊருக்குப் பிரித்துப் போட்டார்கள். எனக்கு விழுந்தது இந்த ஊர்ப் பல்கலைக்கழகம், இரண்டாம் ஆண்டு.

மாறுதல் உத்தரவை நீட்டியதும் அலுவலகத்து அம்மா இரண்டு விஷயம் சொன்னார். விடுதி ஜூன் மாதமே நிறைந்துவிட்டது, காத்திருப்போர் பட்டியலில் நான் நாற்பத்தேழாவது ஆள். அடுத்தது, ஆகஸ்ட் 14 மாலை நான்கு மணிக்குள் உள்ளூரில் குடியிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மாறுதல் ரத்து.

"ரத்துன்னா என்ன மேடம் ஆகும்?" என்றேன்.

"ரத்துன்னா ரத்துதானுங்க" என்றார்.

திரும்பிப் போனால் அங்கே துறை கிடையாது. படிப்பு அவ்வளவுதான். அப்பாவின் தண்ணீர் மோட்டார் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். கொஞ்ச நாளைக்கு என்று அங்கே பில் போட உட்கார்ந்த என் சித்தப்பா மகள் ஆறு வருடமாக இன்னும் எழுந்திருக்கவில்லை.

படிவத்தின் பின்பக்கத்தில் எந்தெந்தச் சான்று செல்லும் என்று அச்சடித்திருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம், குடும்ப அட்டை, கேஸ் இணைப்புப் புத்தகம், குடியிருப்போர் சங்கத்தின் சான்று. எதுவானாலும் முதலில் ஒரு வீடு வேண்டும். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு அறை கிடைக்காமலா போய்விடும்? நான்கு வாரத்துக்குள் கிடைக்க நிகழ்தகவு 0.95.

அதுவரை செண்பகம் அத்தை வீட்டில். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் கனடாவில். சிங்காநல்லூரில் பன்னீர்ப்பூ அப்பார்ட்மெண்ட்ஸ், இரண்டாம் மாடி, 2சி. தனி ஆள்.

"எத்தன நாளைக்குட்டி இருப்ப?" என்றார்.

"ஒரு வாரம் அத்தே. ஹாஸ்டல்ல பெயின்ட் அடிக்காவ."

பொய்தான். அப்பாவிடமும் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறேன். யார் வீட்டிலும் மூன்று நாளைக்கு மேல் தங்கினால் மரியாதை போய்விடும் என்பது அப்பாவின் சட்டம். அந்தக் கணக்கில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையோடு மரியாதை தீர்கிறது.

ஜூலை 19, சனி. ஆடி 3

பதினோரு வீடு பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடத் தவறு. கேட்டைத்தான் பார்த்தேன்.

"ஆடிங்க அம்மிணி. ஆவணி பொறக்கட்டுங்க, வாங்க."

பதினோரு பேரும் இதே வாக்கியம். ஒருவர் மட்டும் 'அம்மிணி'க்குப் பதில் 'கண்ணு' என்றார். எங்கள் பேராசிரியரிடம் இப்படி ஒரு தரவைக் கொண்டுபோனால், வீட்டில் உட்கார்ந்து நீயே எழுதியதுதானே என்று கேட்பார்.

ஆவணி ஒன்று, ஆகஸ்ட் 17. பல்கலைக்கழகத்தின் கெடு 14. அலுவலகத்தில் யாருக்கும் தமிழ் மாதம் தெரியாது, வீட்டுக்காரர்கள் யாருக்கும் இங்கிலீஷ் மாதம் தெரியாது. நடுவில் நான்.

மாலையில் சோர்ந்துபோய் வந்தால் அத்தை கூடத்தின் நடுவே கேரம் போர்டைப் போட்டு, குழந்தைக்குப் போடுவதுபோல் பவுடர் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆடுவியாட்டி?"

"கொஞ்சம் ஆடுவேன் அத்தே."

நான்கு பேர் மட்டும் உள்ள துறையில் வகுப்பைவிட டபுள்ஸ் ஒழுங்காக நடக்கும். இதை அத்தையிடம் சொல்லவில்லை. ஆறு காயை வரிசையாகப் போட்டேன். அத்தை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஜூலை 20, ஞாயிறு. ஆடி 4

மரியாதை தீர்ந்த நாள். காலையில் இட்லிக்கு மூன்று சட்னி.

ஜூலை 22, செவ்வாய். ஆடி 6

எதிர் வீட்டு 2டி-யின் கதை இன்று தெரிந்தது. அங்கே இருப்பவர் ருக்மணியம்மா. ஒரு காலத்தில் அத்தையும் அவரும் கேரம் ஜோடி. ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் இந்த அடுக்ககத்தில் விளையாட்டுப் போட்டி உண்டு, கேரம் டபுள்ஸ் கோப்பை வருடாவருடம் இவர்களுக்குத்தான். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில் அத்தை ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்த அடியிலேயே இன்னொரு காயை ஃபாலோவாகப் போட முடியாமல் கோட்டைவிட்டார். "ரெட்டு போட்டா மட்டும் போதுமாக்கா?" என்று ருக்மணியம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், ஜோடி பிரிந்தது. ருக்மணியம்மா தன் மருமகளோடு சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஆறு வருடமாகக் கோப்பை 2டி-யில்தான் இருக்கிறது. அத்தை கதவைத் திறந்தால் கண்ணில் படும்படி ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள்.

"நான் மாத்தி மாத்தி நாலு பேரோட ஆடிப் பாத்துட்டேன். ஒருத்தருக்கும் விரல்ல தெம்பு இல்ல" என்றார் அத்தை. அப்புறம் என் விரலைப் பார்த்தார். இந்த வருடம் நான் அவரோடு ஆடுவதாக முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பதிலாக ஏதாவது செய்ய வேண்டுமல்லவா?

ஜூலை 24, வியாழன். ஆடி 8

மூளை வேலை செய்தது. ஆடி பார்க்காத வீட்டுக்காரர்களாகத் தேட வேண்டும்! ஒரு வாரம் வீணாக்கிவிட்டேன்.

சர்ச் தெருவில் ஜெபமணி டீச்சர் வீட்டு மாடி அறை. ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் உண்டு. "எந்த மாசமா இருந்தா என்ன பாப்பா, நாளைக்கே வா. பெரியவங்க நம்பர் மட்டும் குடுத்துட்டுப் போ, ஒரு வார்த்த பேசிக்கறேன்" என்றார். அத்தை வீட்டு லேண்ட்லைன் நம்பரைக் கொடுத்தேன். பெயின்ட் காய நாளாகும், அதுவரை வெளியே அறை பார்க்கிறேன் என்று அத்தையிடம் ஏற்கனவே சொல்லியிருந்தேன். ஊரெல்லாம் லேண்ட்லைனைத் துண்டித்தும், வேலை பார்த்த துறைக்குத் துரோகம் செய்யக்கூடாதென்று அத்தை இன்னும் வைத்திருக்கிறார்.

நிகழ்தகவு 0.99. துணிகளை மடித்து வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி. ஆடி 9

ஜெபமணி டீச்சர் முடியாது என்றுவிட்டார். "தப்பா நெனச்சுக்காத பாப்பா. நீ விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து பாட்டு சாதகம் பண்ணுவியாம். எனக்குத் தூக்கம் ரொம்ப முக்கியம்."

எங்கள் குடும்பத்தில் யாரும் பாடியதில்லை. அப்பா ஒருமுறை கோயிலில் பஜனைக்குக் குரல் கொடுத்தபோது அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். வேறு ஏதோ பெண்ணோடு என்னைக் குழப்பிக்கொண்டிருக்கிறார் டீச்சர். பாவம், வயசாகிவிட்டது.

அத்தை அதிரசம் செய்திருந்தார். வருத்தமாக இருந்தபோதும் நான்கு சாப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள். ஆடி 12

கரும்புக்கடைப் பகுதியில் மெகருன்னிசா அம்மா வீட்டில் ஒரு பக்க அறை. ஆறு பூனைகள். ஒரு பூனை என் மடியிலேயே உட்கார்ந்து கொட்டாவி விட்டது. எனக்குப் பூனை என்றால் உயிர். நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலை அத்தைக்கு மூலைக் காயை கட் அடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். கோணத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். "இத மொதல்லயே எவளாவது சொல்லியிருந்தா அந்தக் கோப்ப நம்ம வீட்லல்லா இருக்கும்" என்றார். இரண்டரை மணி நேரம் ஆடியிருக்கிறோம். நேரம் போனதே தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய். ஆடி 13

"ஏம்மா, பூனையப் பாத்தாலே உனக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிடுமாமே? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்கிறார் மெகருன்னிசா அம்மா. என் மடியில் உட்கார்ந்த பூனையை நான் கொஞ்சியதைக் கண்ணால் பார்த்தவர்.

ஜூலை 31, வியாழன். ஆடி 15

கறுப்புச் சட்டை போட்ட இளங்கோவன் ஐயா வீடு. ஆடி, அமாவாசை எதையும் அண்டவிடாதவர். வாசலிலேயே 'இங்கு நல்ல நேரம் பார்க்கப்படுவதில்லை' என்று பலகை. நேற்று நம்பரை வாங்கிக்கொண்டு "தாராளமா வாம்மா" என்றவர், இன்று போனால் கேட்டைத் திறக்கவேயில்லை.

"ராகு காலம் பாக்காம தண்ணிகூடக் குடிக்க மாட்டியாமே? வாசக்கதவ வடக்குப் பக்கம் மாத்தி வெக்கச் சொல்லுவியாமே? படிக்கற பொண்ணு இப்படி இருக்கலாமா?" என்று அரை மணி நேரம் எனக்குப் பகுத்தறிவு சொல்லி அனுப்பினார். வெயிலில் நின்று கேட்டுக்கொண்டேன்.

மூன்று வீடு, மூன்று விதமான காரணம். இதில் பொதுவான காரணி என்ன என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான்தான். என் முகத்தில் ஏதோ இருக்கிறது.

நிகழ்தகவு 0.4. இன்னும் பதினான்கு நாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி. ஆடி 16

சங்கக் கூட்டம். என்னைப் பற்றித்தான்.

ருக்மணியம்மா எழுந்து, "விருந்தாடி வந்த புள்ளைய எறக்கி வெளையாடினா அதென்னங்க நியாயம்? நாளைக்கு நான் சென்னையிலருந்து ஒரு சாம்பியனக் கூட்டிட்டு வந்து என்ற மச்சினின்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். கேட்டது என்னவோ நியாயம்தான்.

செயலாளர் நாச்சிமுத்து ஐயா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இப்போதும் எதிரே வருகிற ஆளை டிக்கெட் இல்லாதவரைப்போல் பார்க்கிற பார்வைதான். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் படித்தார். "வெளையாடறவிய இங்க குடியிருக்கோணும். குடியிருக்கறாங்கன்னா பதிவேட்டுல பேர் இருக்கோணும். பேர் ஏறோணும்னா குடி வந்த தேதி வேணுமுங்க. பால் காய்ச்சுன தேதியத்தான் நம்ம நோட்டுல குடி வந்த தேதின்னு எழுதறது."

"அப்பச் செரி. ஆடியில எவ பால் காய்ச்சுவா?" என்று ருக்மணியம்மா முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்.

அத்தை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நாளன்னைக்கு ஆடிப் பதினெட்டுங்க. ஆடிப் பெருக்குக்கு எதையும் ஆரம்பிக்கலாமுங்க. காலைல ஏழே முக்காலுக்கு எல்லாரும் வந்துருங்க" என்றார். முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்சேஞ்சில் பேசிய குரல். வெளியாட்களிடம் பேசும்போது அத்தைக்கு அச்சாகக் கோவைத் தமிழ் வந்துவிடும். என்னிடம்தான் 'ஏட்டி'.

ஒரு கேரம் ஆட்டத்துக்காகப் பெரிய மனுஷிகள் இப்படி இறங்குவார்கள் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18

ஸ்டோர் ரூமுக்குக் குடி போனேன்!

2சி-யில் சமையலறைக்குப் பக்கத்தில் ஆறடிக்கு எட்டடி ஒரு அறை. அரிசி டிரம், பழைய மிக்ஸி, நாற்பது வருடத்து டெலிபோன் டைரக்டரிகள். டைரக்டரிகளை அடுக்கி மேடையாக்கி, அதன்மேல் மின் அடுப்பை வைத்து, அத்தை பாலை ஏற்றினார். வாசலில் மாவிலை. அறைக்குள் நானும் அத்தையும் அடுப்பும் நின்றால் நான்காவதாக ஒரு வாழைப்பழம்கூட நுழையாது. அடுக்ககமே வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. நாச்சிமுத்து ஐயா பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, பேனா மூடியைத் திறந்து தயாராக நின்றார்.

பால் பொங்கவில்லை. பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். "பால்ல தண்ணி சாஸ்தியோ என்னமோ" என்றார் ருக்மணியம்மா. அத்தை முகத்தில் வேர்வை. நானும் பாத்திரத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை. பிறகு ஒரே பொங்கு. கிழக்குப் பக்கமாகப் பொங்கி, 1998-ஆம் வருடத்து டைரக்டரியில் கே-யில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் நனைந்தன. எல்லாரும் கை தட்டினார்கள். ருக்மணியம்மாவின் மருமகளும் தட்டிவிட்டு, மாமியார் முறைத்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

'காந்திமதி, 2சி, குடி வந்த தேதி 3.8.2025' என்று ஐயா எழுதினார். அத்தை எல்லாருக்கும் பாயசம் கொடுத்தார். ருக்மணியம்மா இரண்டாவது முறை வாங்கிக்கொண்டார்.

கேலிக்கூத்துதான், ஆனால் நன்றாக இருந்தது.

வீடு தேடும் வேலை நாளை தொடரும். கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். ஆடி 20

வீடு: இரண்டு பார்த்தேன், இல்லை. கேரம்: அத்தை இன்று தம் பிடிக்காமல் இடது கைப் பக்கக் காயைப் பின்பக்க ஷாட்டில் போட்டார். முதலில் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் நிறுத்தி, மூச்சை விட்டு, சுண்டுவிரலை ஊன்றி, பார்க்காததுபோல் பார்த்து அடித்தார். அவருக்கே நம்ப முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி அதே ஷாட். மறுபடி விழுந்தது!

ஆகஸ்ட் 8, வெள்ளி. ஆடி 23

வீடு: போகவில்லை. தலைவலி.

கேரம்: ஐந்து ஆட்டம். நாலு ஜெயம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. ஆடி 25

அப்பா போன் செய்தார். "ஹாஸ்டல் சாப்பாடு எப்படிட்டி?" என்றார். "மூணு சட்னி வைக்காவ" என்றேன். "அடேயப்பா" என்றார் அப்பா.

நிகழ்தகவு எழுத மனமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள். ஆடி 26

இதை எழுதியாக வேண்டும்.

பேக்கரியில் ஜெபமணி டீச்சரைப் பார்த்தேன். "பாட்டு எப்படிப் போகுது பாப்பா?" என்றார். எனக்குப் பாட்டே தெரியாது டீச்சர், யார் சொன்னது என்றேன். "உன் அத்தைதான். போன்ல எவ்வளவு இனிமையாப் பேசினாங்க! காலைல நாலு மணிக்கு எழுந்தா ஏழு மணி வரைக்கும் நிறுத்தாது, குரல் தெருவுக்கே கேக்கும், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்னாங்க."

பேக்கரியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாட்டு, பூனை, ராகு காலம். மூன்று வீட்டுக்கும் பொதுவான காரணி நான் இல்லை. அந்த லேண்ட்லைன் போன்! புள்ளியியல் படிக்கிறேன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். அத்தை மறுக்கவில்லை. போர்டைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, சொன்னேன். பதினஞ்சாம் தேதி முடியட்டும், ஆவணில நானே நல்ல வீடாப் பாத்துக் குடுப்பம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒனக்கு என்னட்டி அவசரம்? ஹாஸ்டல்ல பெயின்ட் காயட்டுமே" என்றார்.

"பதினாலாந்தேதிக்குள்ள அட்ரஸ் குடுக்கலன்னா என் சீட்டு போயிரும் அத்தே! படிப்பே போயிரும்! பெயின்ட்டும் இல்ல, ஹாஸ்டலும் இல்ல!"

அத்தையின் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. "இத ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?" என்றார். குரல் எக்ஸ்சேஞ்ச் குரல் இல்லை. சின்னதாக இருந்தது.

ஏன் சொல்லவில்லை? பதில் தெரியும். அதை நோட்டில்கூட எழுதப் பிடிக்கவில்லை. வீடில்லாமல் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறேன் என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய். ஆடி 27

அத்தை காலையிலிருந்து போனும் கையுமாக இருந்தார். மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னதெல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டார். டீச்சர் வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. மெகருன்னிசா அம்மா பூனைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். இளங்கோவன் ஐயா, "மூடநம்பிக்கையை மறைக்கவும் ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று போனை வைத்துவிட்டார்.

"இந்த வீட்டையே எழுதிக் குடுத்துருவோம்ட்டி, வாடகைக்கு இருக்கன்னு" என்றார் அத்தை. வீடு மகன் பெயரில். கையெழுத்துப் போடவேண்டிய ஆள் கனடாவில்.

மதியம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. போர்டு சுவரில் சாய்ந்திருந்தது. நான் அழுதேன், ஸ்டோர் ரூமில். அத்தை கூடத்தில்.

ஆகஸ்ட் 13, புதன். ஆடி 28

கோபம் ஆறவில்லை. படிப்பும் போகிறது, இதில் கேரம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று நாச்சிமுத்து ஐயா வீட்டுக் கதவைத் தட்டினேன். பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுங்கள், நான் ஆடப்போவதில்லை என்றேன்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேர் எடுக்கோணும்னா நீங்க காலி பண்ணோணும். ஆடியில யாருங்க அம்மிணி காலி பண்ணுவாங்க? ஆவணிக்கு வாங்க."

இருபத்தெட்டு நாளாக என்னை எந்த வீட்டுக்குள்ளும் விடாத ஆடி, இப்போது இந்த வீட்டைவிட்டு வெளியேயும் விடமாட்டேன் என்கிறது. நான் விடவில்லை. இப்போதே எடுத்தாக வேண்டும் என்று நின்றேன்.

"செரி, மொறைப்படி பண்ணலாமுங்க. மொதல்ல இவிய இங்க குடியிருக்கறாங்கன்னு ஒரு சான்று. அப்புறமேட்டுத்தான் காலி பண்றாங்கன்னு இன்னொண்ணு. மொதல் தாள இப்பக் குடுத்தர்றேன். ரெண்டாவது ஆவணியிலதான்." தட்டச்சு எந்திரத்தை இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நாற்பது நிமிடம். முத்திரையை ஊதிக் குத்தினார்.

வாங்கிப் படித்தேன். 'பன்னீர்ப்பூ அப்பார்ட்மெண்ட்ஸ் குடியிருப்போர் நலச் சங்கம். திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த செல்வி காந்திமதி, 3.8.2025 முதல் மேற்படி முகவரியில் 2சி-யில் குடியிருந்து வருகிறார் எனச் சான்றளிக்கப்படுகிறது.'

மறுபடி படித்தேன். படிவத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த நான்காவது சான்று. முதல் நாளே என் கையால் இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. "அத்தே! எனக்கு வீடு கெடச்சாச்சு!" என்றேன். அத்தை பயந்துபோய், "எங்கட்டி?" என்றார். "ஸ்டோர் ரூம்ல!" என்றேன். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார், பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். அவர் மேலெல்லாம் கேரம் பவுடர் வாசம். இரண்டு பேரும் மறுபடி அழுதோம், இந்த முறை ஒரே அறையில்.

ருக்மணியம்மா மட்டும் அன்று கூட்டத்தில் எழுந்து ஆட்சேபம் சொல்லாமல் இருந்திருந்தால் என் பெயர் எந்த நோட்டிலும் ஏறியிருக்காது.

ஆகஸ்ட் 14, வியாழன். ஆடி 29

மதியம் 12.20-க்கு, அத்தை வீட்டு லேண்ட்லைன் நம்பரும் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்து அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆடியில எப்பிடிங்க வீடு புடிச்சீங்க?" என்றார். முதல்முறையாகச் சிரித்தார். முத்திரை விழுந்தது. மாறுதல் உறுதி.

மாலை பயிற்சி. ஒன்பது ஆட்டம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி. ஆடி 30

தோற்றுவிட்டோம்.

தோற்றது என்னால். கடைசிப் போர்டு. எங்களுக்கு ஒரு காய் பாக்கி, அவர்களுக்கும் ஒன்று. ரெட் நடுவில். நான் ரெட்டைப் போட்டேன், எல்லாரும் கத்தினார்கள். ஃபாலோ போட வேண்டிய காய் பாக்கெட்டின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதினால் விழும். நான் ஊதியிருக்கலாம். காயோடு சேர்ந்து ஸ்ட்ரைக்கரும் உள்ளே போய்விட்டது. ஃபவுல். ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. ருக்மணியம்மா நிதானமாக ரெட்டையும் போட்டு, ஃபாலோவும் போட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த அத்தையை என்னால் பார்க்க முடியவில்லை. ஏழாவது வருடம். அதுவும் அதே ஃபாலோ.

"ரெட்டு போட்டா மட்டும் போதுமா?" என்று ருக்மணியம்மா கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, "கண்ணு, வெரல் நல்லா வெச்சிருக்கற. அடுத்த வருசம் என்ற கூட ஜோடி சேந்துக்கறயா?" என்று கேட்டார். அவர் மருமகள் முகத்தையும் அத்தை முகத்தையும் யாராவது போட்டோ எடுத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி. ஆடி 31

போர்டு சுவரில் சாய்ந்திருக்கிறது. போட்டி முடிந்தது, ஜோடியின் வேலையும் முடிந்தது. நாளை ஆவணி. வாடகை தருகிறேன் என்று காலையில் சொல்லிப் பார்த்தேன். காதில் விழாததுபோல் ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தார். அது போகச் சொல்வதா, இருக்கச் சொல்வதா?

அவராகச் சொல்லும்வரை காத்திருப்பது மரியாதை இல்லை. பெட்டிகளைக் கட்டிவிட்டேன். பக்கெட்டுக்குள் அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுப்பொடி டப்பாவை வைத்தேன். எனக்குப் போக விருப்பமில்லை. எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 18, திங்கள். ஆவணி 2

நேற்று ஆவணி பிறந்ததிலிருந்து லேண்ட்லைன் ஓயவில்லை. ஜூலையில் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு கேட்டோடு அனுப்பிய பதினோரு பேரில் ஏழு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். "நல்ல நாளுங்க, அந்த அம்மிணிய வரச் சொல்லுங்க." ஒவ்வொரு முறையும் அத்தை எடுத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு வைத்தார். நான் ஸ்டோர் ரூமில் கட்டிய பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எனக்கு என்ன வியாதி சொல்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு மறுபடி மணி. அத்தை எடுத்தார்.

"ஆமாங்க, காந்திமதி வீடுதானுங்க. ஹாஸ்டலா? நாப்பத்தேழாவது நம்பருக்கு ரூம் வந்திருச்சுங்களா? ஓ."

நான் பெட்டி மேல் உட்கார்ந்தபடியே கதவுப் பக்கம் சாய்ந்தேன். பிறகு அந்தக் குரல் கேட்டது, முப்பத்து நான்கு வருடம் ஊரையெல்லாம் இணைத்த குரல்.

"அந்த ரூம நாப்பத்தெட்டாவது பொண்ணுக்குக் குடுத்துருங்க. எங்க புள்ள இங்க பால் காய்ச்சிக் குடி வந்தாச்சுங்க."

இந்தப் போனில் என்னைப் பற்றி அத்தை சொன்ன முதல் உண்மை அது. நான் எழுந்து பெட்டியைப் பிரித்தேன். பச்சை பக்கெட்டைக் கொண்டுபோய்க் குளியலறையில் அத்தையின் பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

"ஏட்டி, என்ன செய்த அங்க? போர்டு போட்டாச்சு, வா" என்றார் அத்தை.